கதை முடிந்ததும் நீங்களும் தூங்கலாம்

கேள்வி:

எனக்கு 33 வயது, மனைவிக்கு 30. இருவரும் பெங்களூருவில் ஐடி வேலை. நான் ஓசூர்க்காரன், அவள் நாகர்கோவில். ராத்திரி பத்து மணிக்கு மேல் என் மனைவி சின்னப் பிள்ளை ஆகிவிடுகிறாள். நடிப்பும் இல்லை, கேலியும் இல்லை. பேச்சே மழலையாகிவிடும். செத்துப்போன ஆச்சியின் பழைய சேலை ஒன்று, ஒரு கரடி பொம்மை, குழந்தை பாட்டிலில் பால், போனில் கார்ட்டூன், அப்புறம் நான் சொல்லும் கதை. இதற்கு ஏஜ் ரிக்ரஷன் என்று பெயர், உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவளே எனக்கு விளக்கினாள். தாம்பத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆறு வயதிலிருந்து விடுதியில் வளர்ந்தவள். இந்த நேரம்தான் தனக்கு நிம்மதி என்கிறாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் ஒரு கதை மூன்று கதையாகிறது, கார்ட்டூன் ஒரு மணி வரை ஓடுகிறது. மூன்று மணிக்கு அவளுக்கு முழிப்பு வந்தால் என்னையும் எழுப்பி இன்னொரு கதை கேட்கிறாள். காலை 7 மணிக்கு எனக்கு கேப். ஆபீஸில் கண் சொருகுகிறது. இது வியாதியா? நான் அவளுக்குப் புருஷனா, அப்பாவா? அடுத்த மாதம் என் அம்மா வந்து இரண்டு மாதம் தங்கப்போகிறார். குழந்தை பெற்றுக்கொள்ளவும் யோசிக்கிறோம். அவளுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன், பதிலை அவளும் படிப்பாள்.

– பெயர் வேண்டாம், எச்.எஸ்.ஆர். லேஅவுட், பெங்களூரு

பதில்:

கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இப்படிப்பட்ட கடிதங்கள் பெரும்பாலும் மனைவிக்குத் தெரியாமல் கணவனோ, கணவனுக்குத் தெரியாமல் மனைவியோ எழுதுபவை. நீங்கள் இருவரும் சேர்ந்து கேட்கிறீர்கள். அதனால் நானும் இருவருக்குமாகவே எழுதுகிறேன்.

வியாதியா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. தானாக விரும்பி ராத்திரியில் கொஞ்ச நேரம் சிறுபிள்ளையாக இருந்துவிட்டு, காலையில் எழுந்து வேலைக்குப் போவதை இரண்டுமே ஒரு நோயாகச் சொல்லவில்லை. இப்படி வயதில் பின்னோக்கிப் போவது மனதின் தற்காப்பு வழிகளில் ஒன்று என்று 1936இலேயே உளப்பகுப்பாய்வாளர் ஆனா ஃபிராய்டு பட்டியலிட்டுவிட்டார். அவர் காலத்து இன்னொரு உளப்பகுப்பாய்வாளரான எர்ன்ஸ்ட் கிரிஸ், போய்விட்டுத் திரும்பி வரத் தெரிந்தவனுக்கு இந்தப் பின்னோக்கிய பயணம் பலம் சேர்க்கவும் செய்யும் என்றார். காய்ச்சலில் படுத்தால் ஐம்பது வயது ஆளும் “அம்மா” என்றுதான் முனகுகிறார். உங்கள் மனைவி காய்ச்சலுக்குக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆச்சியின் சேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொம்மை, போர்வை, துணி போன்றவற்றைக் குழந்தை ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பற்றி டொனால்டு வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1953இல் ஒரு கட்டுரை எழுதினார். அம்மா பக்கத்தில் இல்லாதபோதும் அம்மா இருப்பதுபோன்ற தைரியத்தை அந்தத் துணி தருகிறது என்பது அவர் வாதம். ஆறு வயதில் விடுதிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அந்தத் துணியை யாரும் கொடுத்துவிட்டிருக்க மாட்டார்கள். டிரங்குப் பெட்டியில் சோப்பு, தட்டு, டம்ளர், பெயர் தைத்த சீருடை, அவ்வளவுதான் இருந்திருக்கும். இன்று முப்பது வயதில் அதைத் தானே எடுத்துக்கொள்கிறார். அதை விடச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

சரி, அப்படியென்றால் சிக்கல் எங்கே?

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். ஒரு மணி வரை கார்ட்டூன், மூன்று கதை, மூன்று மணிக்கு எழுப்புதல். எந்த வீட்டில் எந்தச் சின்னப் பிள்ளையை இப்படி ஒரு மணி வரை விட்டுவைப்பார்கள்? சிறுபிள்ளைத்தனத்தில் எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர: “போதும், விளக்கை அணைக்கிறேன்” என்று சொல்லும் பெரியவர். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் பெரியவர் யாரும் இல்லை. மனைவி குழந்தையாகிவிடுகிறார், நீங்கள் மனம் இளகிப்போய் இருக்கிறீர்கள், மிச்சம் இருப்பது போன் மட்டும். போன் எந்தப் பிள்ளையையும் தூங்கவைக்காது. அடுத்த வீடியோ தானாக ஓடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது.

இந்த ஊரில் இந்த வேலையில் இருப்பவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் ஒன்றும் இதில் கலந்திருக்கிறது. பகல் முழுக்க மீட்டிங், சாயங்காலம் சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நெரிசல், வீட்டுக்கு வந்து சமையல். ஒன்பதரை மணிக்குத்தான் தனக்கென்று முதல் நிமிடமே கிடைக்கிறது. அதை விட மனசு வராது. தூக்கத்திலிருந்து திருடித் திருடி நீட்டிக்கொண்டே போவார்கள். ரிக்ரஷன் இல்லாதவர்கள் இதே திருட்டை கிரிக்கெட் ஹைலைட்ஸை வைத்துச் செய்கிறார்கள். ஆகவே சிறுபிள்ளை நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. முன்னால் இழுக்கச் சொல்கிறேன். பத்து மணிக்குத் தொடங்குவதை ஒன்பது மணிக்குத் தொடங்குங்கள். அதற்காக ஏதாவது ஒரு வேலையைக் கைவிட வேண்டியிருக்கும். ராத்திரி சப்பாத்தி போடுவதை விட்டுவிட்டுக் கடை மாவில் இரண்டு தோசை வார்த்துக்கொண்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

இப்போது மூன்று மணி விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் இருவரும் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

மனிதத் தூக்கம் ஒரே நீட்டாக ஓடுவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வருகிறது. சுற்றுக்குச் சுற்று நடுவே எல்லோருக்குமே லேசாக முழிப்பு வரும், புரண்டு படுப்போம், காலையில் நினைவிருக்காது. ஆனால் தூங்கப்போகும்போது எதெல்லாம் பக்கத்தில் இருந்ததோ அதில் ஒன்று அந்த நடு முழிப்பில் காணாமல் போயிருந்தால், மூளை முழுசாக விழித்துக்கொண்டு அதைத் தேடும். தோளில் போட்டுத் தட்டினால்தான் தூங்கும் என்று பழக்கிய குழந்தை நடுராத்திரியில் வீறிடுவது இதனால்தான். உங்கள் மனைவி உங்கள் குரலைக் கேட்டபடியே கண்ணயர்கிறார். மூன்று மணிக்கு அந்தக் குரல் இல்லை. தேடுகிறார். எழுப்புகிறார். அவர் பிடிவாதக்காரர் என்பதாலோ, நீங்கள் செல்லம் கொடுத்ததாலோ வந்ததல்ல இது.

எனவே விதி ஒன்றே ஒன்று: கண் சொருகும் கணத்தில் பக்கத்தில் என்ன இருக்கிறதோ, அது மூன்று மணிக்கும் இருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கரடி இருக்கும், சேலை இருக்கும், மங்கலான விளக்கு இருக்கும். கார்ட்டூன் இருக்காது, கதை சொல்லும் கணவன் இருக்க முடியாது. கதை வேண்டும்தான், ஆனால் கதை முடியும்போது அவர் இன்னும் விழித்திருக்க வேண்டும். கதையை முடித்து, தலையை ஒருமுறை தடவிவிட்டு, “தூங்கு” என்று சொல்லி நீங்கள் திரும்பிப் படுத்துவிடுங்கள். மிச்ச தூரத்தை அவரும் கரடியும் கடக்கட்டும். முதல் நாலைந்து நாள் கஷ்டமாக இருக்கும். சிணுங்கலும் இருக்கலாம். நீங்கள் இளகிப்போய் இன்னொரு கதை தொடங்கினால், சிணுங்கினால் கதை வரும் என்று கற்றுக்கொடுத்ததாக ஆகும். இதைப் பத்து மணிக்குப் பேசித் தீர்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பகலில், இரண்டு பெரியவர்களாக உட்கார்ந்து, ஒரு கதை, இத்தனை மணிக்கு விளக்கு என்று அவர் வாயாலேயே முடிவு செய்யச் சொல்லுங்கள். ராத்திரிச் சிறுமிக்குப் பகலில் இருக்கும் அந்த முப்பது வயதுப் பெண்தான் பெரியவராக இருக்க வேண்டும். நீங்கள் அவருக்குத் துணை, அவ்வளவே.

கதை எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். தினமும் புதுக்கதை வேண்டாம். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலே முழிப்பைக் கொண்டுவரும். குழந்தைகள் ஒரே கதையை நூறு தடவை கேட்பது சும்மா இல்லை. முடிவு தெரிந்த கதையில் மனசு காவல் காக்க வேண்டியதில்லை. காக்கா வடை கதையே போதும். அதே கதையை உங்கள் குரலில் பதிந்து, ஒரு சின்ன ஸ்பீக்கரில், பத்து நிமிடத்தில் தானாக நிற்கும்படி வைத்தும் கொடுக்கலாம். மூன்று மணிக்கு அவர் கையை நீட்டித் தட்டிக்கொள்வார். நீங்கள் குறட்டை விடலாம். தட்டியும் தூக்கம் வரவில்லை, இருபது நிமிடம் போலப் புரண்டாகிவிட்டது என்றால், படுக்கையை விட்டு எழுந்து கரடியோடு நாற்காலியில் போய் உட்காரட்டும். கண் இழுக்கும்போது திரும்பி வரட்டும். கடிகாரம் பார்க்க வேண்டாம். ரிச்சர்டு பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் சொன்ன முறை இது. படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்புக்கு மறுபடி பழக்குவது. தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் முயல வேண்டிய சிகிச்சையில் இது இன்றைக்கும் முக்கியமான பகுதி.

குழந்தையைத் தூங்கவைக்க வீடுகளில் செய்வதில் பலதும் பெரியவர்களின் உடம்புக்கும் ஒத்துவருகிறது என்பது எனக்கு எப்போதும் சுவாரசியமான விஷயம். தூங்குவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு பத்து நிமிடம் வெந்நீரில் குளித்தால் பெரியவர்களும் சீக்கிரம் தூங்குகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் சொன்னார்கள். உடம்பின் மேல்தோல் சூடாகி, உள்சூடு வெளியேறி, உடல்வெப்பம் இறங்குவதால் வருவது அது. அதே 2019இல் ஜெனீவாவில் 18 இளைஞர்களை ராத்திரி முழுக்க மெல்ல ஆடும் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நாலு விநாடிக்கு ஒரு ஆட்டம். ஆடாத கட்டிலை விடச் சீக்கிரம் தூங்கினார்கள், ஆழ்ந்த தூக்கமும் கூடியது. சேலையில் தூளி கட்டி ஆட்டிய நம் பாட்டிகளுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அபார்ட்மென்ட் கூரையில் கொக்கி மாட்ட ஓனர் விடமாட்டார் என்பதால் தூளியை உங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை. வெந்நீரைச் செய்கிறேன். எட்டரைக்குக் குளித்துவிட்டால் ஒன்பதுக்குச் சிறுபிள்ளை நேரம், பத்தரைக்குள் விளக்கு. ஆறு மணிக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம் கிடைக்கும். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு தேவை, எத்தனை வயதாக மனசு உணர்ந்தாலும்.

கார்ட்டூன் பார்க்கட்டும், ஆனால் ஹாலில், டிவியில், இரண்டு எபிசோடு. போன் சார்ஜர் ஹாலிலேயே இருக்கட்டும். அலாரத்துக்குப் பழைய மாதிரி கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி விளக்கு நீல ஜீரோ வாட் பல்பாக இருந்தால் மாற்றுங்கள். தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோனை அதிகம் அடக்குவது நீலம்தான். சிவப்போ ஆரஞ்சோ நல்லது. அப்புறம் இருவரில் யாராவது ஆபீஸிலிருந்து வந்ததும் ஏழு மணிக்கு ஃபில்டர் காபி குடிக்கிறீர்களா? காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பால் பாட்டிலைப் பற்றிக் கொஞ்சம் கறாராக இருக்கப்போகிறேன். பாட்டிலில் குடிப்பது பிரச்சினை இல்லை. படுத்துக்கொண்டு குடித்து அப்படியே தூங்குவதுதான் பிரச்சினை. தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறையும், பாலில் இருக்கும் சர்க்கரை பல்லில் தங்கும், சொத்தை விழும். பாட்டிலோடு தூங்கும் குழந்தைகளின் முன்பற்கள் கறுத்துப்போவதை எல்லாப் பல் டாக்டரும் பார்த்திருப்பார்கள். ஹார்லிக்ஸோ சர்க்கரையோ சேர்த்தால் இன்னும் மோசம். நெஞ்செரிச்சல் வேறு. உட்கார்ந்து குடிக்கட்டும், பல் துலக்கட்டும், பிறகு படுக்கட்டும். காலி பாட்டிலை வைத்துக்கொண்டு தூங்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ரப்பர் நிப்பிள் வைத்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தால், கைக்குழந்தை அளவில் விற்பது பெரியவர் வாய்க்குள் நழுவிப்போகும் அளவுக்குச் சின்னது என்பதை மறக்க வேண்டாம். ரிக்ரஷன் பழக்கத்தில் இருக்கும் சிலர் ராத்திரி டயப்பரும் போட்டுக்கொள்வார்கள். நீங்கள் எழுதவில்லை, இருந்தால் ஈரத்தோடு விடியும்வரை கிடக்க வேண்டாம், தோல் வெந்துபோகும். ஆனால் வேண்டுமென்றே இல்லாமல், புதிதாகத் தூக்கத்தில் சிறுநீர் போகிறது என்றால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சர்க்கரை நோய், சிறுநீர்த் தொற்று, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன. டாக்டரிடம் போங்கள்.

புருஷனா, அப்பாவா? கதை சொன்னதால் நீங்கள் அப்பாவாகிவிடவில்லை. ஆனால் ஒரு அப்பாவுக்கு இல்லாத உரிமை உங்களுக்கு உண்டு: முடியாத நாளில் முடியாது என்று சொல்வது. அதைச் சாப்பாட்டு நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். “இன்னைக்கு ரொம்ப அசதி, கதை ரெக்கார்டிங்தான்” என்று எட்டு மணிக்குச் சொன்னால் கேட்பவர் மனைவி. பத்து மணிக்குச் சொன்னால் கேட்பது ஆறு வயதுப் பிள்ளை. அதற்கு அது விடுதி வாசல் மாதிரி வலிக்கும். உங்களுக்கும் சாய்ந்துகொள்ள ஒரு நேரம் வேண்டும். இத்தனை நீளமான கடிதத்தில் உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

இது உங்கள் மனைவிக்கு. மூன்று மணிக்குக் கணவரை எழுப்புவதில் உங்களுக்கே குற்ற உணர்வு இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் குற்ற உணர்வோடு சண்டை போடாமல் ஸ்பீக்கரைத் தட்டிப் பாருங்கள். இன்னொன்று, இந்தச் சில விஷயங்களை நீங்களே நேர்மையாகக் கவனித்துக்கொள்ளுங்கள்: நினைக்காதபோது, ஆபீஸிலோ வண்டியிலோ, தானாகவே சின்னதாகிவிடுகிறீர்களா? அந்த நேரத்தில் நடந்தது பிறகு நினைவில் இல்லாமல் போகிறதா? கேஸ் அடுப்பை அணைக்கவோ போனை எடுக்கவோ அவசரம் வந்தால் திரும்பி வர முடிகிறதா? விடுதியில் நடந்த ஏதோ ஒன்று கெட்ட கனவாகத் திரும்பத் திரும்ப வருகிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால், பழைய காயம் ஏதோ மருந்து கேட்கிறது என்று அர்த்தம். பெங்களூருவில் நீங்கள் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். அவர்களின் நலவாழ்வு மையம் உங்களுக்கு அடுத்த பேட்டையான பி.டி.எம். லேஅவுட்டில் இருக்கிறது. முதலில் தமிழில் பேசிப் பார்க்க வேண்டுமானால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை. தனியாக ஆலோசகரிடம் போனால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது 2017ஆம் வருட மனநலச் சட்டப்படி அவர்களின் கடமை.

குழந்தையைப் பற்றி. ராத்திரியில் சிறுபிள்ளையாக இருப்பவர் நல்ல அம்மாவாக இருக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு அழும், அப்போது வீட்டில் கதை கேட்க வேண்டியவர் ஒருவரல்ல என்று ஆகிவிடும். கணவன் இல்லாமலே கரடியோடு தூங்கும் பழக்கம் கர்ப்பத்துக்கு முன்பே படிந்திருந்தால் நல்லது. பிரசவத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் சிறுபிள்ளை நேரம் பகலில் ஒரு அரைமணியாக மாறலாம். அதை இப்போதே இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் வருகிறார், அதற்கு. சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் மனைவியின் முடிவு. அவர் சம்மதிக்காமல் நீங்கள் அம்மாவிடம் வாய் திறக்காதீர்கள், “அவளுக்கு ஒரு மாதிரி பயம்மா” என்று பூசி மெழுகியும் கூட. கரடிக்கும் பழைய சேலைக்கும் விளக்கம் தேவையில்லை, பெரியவர்களுக்கே அது புரியும். பாட்டில் மட்டும் பீரோவுக்குள் போகட்டும், கழுவுவது உங்கள் பாத்ரூம் வாஷ்பேசினிலேயே நடக்கட்டும். கார்ட்டூனைச் சீரியல் நேரத்தில் ஹாலில் போட முடியாது, அதனால் அந்த இரண்டு மாதம் அதற்குப் பதில் படக்கதைப் புத்தகம். கதையைக் கிசுகிசுப்பாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். எச்.எஸ்.ஆர். லேஅவுட் ஃப்ளாட்டுகளின் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று உங்களுக்கே தெரியும்.